கூட்டறிக்கையில் மாணவர் சங்கம் கையெழுத்துப் போடலாமா? பாலஸ்தீன ஆதரவு, யூத வெறுப்பு, விசா

சிறுவாணி கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் சங்கம் சார்பில் கேட்கிறேன். செயற்குழுவில் ஏழு பேர். அதில் ஐந்து பேர் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள். பாலஸ்தீன ஆதரவு மாணவர் கூட்டமைப்பு ஒன்று கூட்டறிக்கை வரைவு அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் சங்கத்தின் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறது.

வரைவில் நான்கு விஷயங்கள். காசாவில் நிரந்தரப் போர்நிறுத்தமும் தடையில்லா நிவாரணமும் வேண்டும். ஆயுத நிறுவனங்களில் போட்ட முதலீட்டைப் பல்கலைக்கழகம் விலக்கிக்கொள்ள வேண்டும். "சியோனிஸ்டுகளுக்கு இந்த வளாகத்தில் இடமில்லை." (சியோனிஸ்டு: யூதர்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்ற கொள்கை உடையவர்.) யூத மாணவர் மையமான ஹில்லெலுடன் எல்லா உறவையும் முறிக்க வேண்டும். அறிக்கை வெளியாகும் நாளில் மையப் புல்வெளியில் கூடாரம் போட்டு மூன்று நாள் உட்காரப் போகிறார்கள்.

முதல் இரண்டில் செயற்குழுவுக்குள் பிணக்கு இல்லை. கடைசி இரண்டும் தங்களைத்தான் குறிக்கின்றன என்று யூத மாணவர்கள் சிலர் சொல்கிறார்கள். இது அரசியல், மதத்தைப் பற்றியதே இல்லை என்கிறார்கள் வரைவு எழுதியவர்கள். சட்டம் எங்கே கோடு போடுகிறது, எந்த வரிகளை மாற்றச் சொல்ல வேண்டும், விசாவில் இருப்பவர்களுக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொள்ளிடம் எழுதியது:

இதில் மூன்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. அரசு தண்டிக்க முடியாத பேச்சு எது என்பது ஒன்று. பல்கலைக்கழகம் தலையிட்டே ஆகவேண்டிய துன்புறுத்தல் எது என்பது இரண்டு. இடம், நேரம், முறை பற்றிய வளாக விதிகள் மூன்றாவது. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

முதல் கணக்கு: உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதை நேரடியாகக் கட்டுப்படுத்தும். (தனியார் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. அங்கே நிர்வாகம் தானே எழுதிவைத்த விதிகள்தான் அளவு. கலிஃபோர்னியாவில் மட்டும் 1992இன் லெனார்ட் சட்டம் தனியார் கல்லூரிகளுக்கும் ஏறத்தாழ அதே பாதுகாப்பை நீட்டுகிறது.) கடுமையான, புண்படுத்தும் அரசியல் பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு. உடனடி வன்முறையைத் தூண்டுவது, குறிப்பிட்ட ஆளை மிரட்டுவது ஆகியவற்றுக்குக் கிடையாது. உங்கள் வரைவின் நான்கு வரிகளையும் அச்சடித்து வெளியிடுவதற்காக மட்டும் அரசுப் பல்கலைக்கழகம் உங்களைத் தண்டிப்பது சட்டப்படி கடினம்.

இரண்டாவது கணக்குதான் நிறையப் பேருக்குப் பிடிபடாதது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, கூட்டரசு நிதி வாங்கும் நிறுவனத்தில் இனம், நிறம், பூர்வீக நாடு சார்ந்த பாகுபாட்டைத் தடுக்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பொது வம்சாவளி உள்ள குழுக்கள் அதற்குள் வரும் என்பதைக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் 2004 முதல் கடைப்பிடிக்கிறது. யூத மாணவருக்கும் முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவருக்கும் பாதுகாப்பு வருவது இந்த ஒரே கதவு வழியாகத்தான். துன்புறுத்தல் அளவு மீறி, படிப்பையோ வளாக வாழ்க்கையையோ முடக்கும் நிலைக்குப் போய், அது தெரிந்தும் நிர்வாகம் கைகட்டி நின்றால் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் விழும்.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பிரிக்கின்றன என்று பார்க்க ஒரு ஜோடி வழக்கு போதும். 2024 ஜூலை இறுதியில் பாஸ்டன் கூட்டரசு நீதிபதி ரிச்சர்ட் ஸ்டர்ன்ஸ், எம்.ஐ.டி. மீது யூத மாணவர்கள் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். நிர்வாகத்தின் நடவடிக்கைகள் போதாமல் இருந்திருக்கலாம், ஆனால் படிப்படியாக ஏதோ செய்துகொண்டுதான் இருந்தது என்பது காரணம். ஒரு வாரம் கழித்து அதே நீதிபதி, ஹார்வர்ட் மீதான அதே வகை வழக்கைத் தொடர அனுமதித்தார். அங்கே நிர்வாகம் தன் யூத மாணவர்களைக் கைவிட்டது என்று சொல்ல இடமிருக்கிறது என்றார். இரண்டு வளாகங்களிலும் முழக்கங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபட்டது நிர்வாகம் என்ன செய்தது என்பதுதான்.

நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரி வழக்கில் பேச்சுக்கும் செயலுக்கும் நடுவே இன்னும் தெளிவாகக் கோடு விழுந்தது. 2023 அக்டோபர் 25 அன்று யூத மாணவர்கள் நூலகத்துக்குள் இருக்க, போராட்டக்காரர்கள் வெளியே நின்று கதவையும் கண்ணாடியையும் தட்டிக்கொண்டே முழக்கமிட்டார்கள். பொது விஷயத்தைப் பற்றிய அரசியல் முழக்கமும் துண்டறிக்கையும் பாதுகாக்கப்பட்ட பேச்சு, அவற்றை வைத்து வழக்காட முடியாது. நூலகக் கதவில் நடந்ததை வைத்து முடியும் என்று 2025இல் நீதிபதி ஜான் க்ரோனன் பிரித்தார்.

இதை வைத்து உங்கள் மூன்றாவது வரியைப் பாருங்கள். காகிதத்தில் அது பேச்சு. புல்வெளியில் கூடாரம் போட்டு, நுழைவில் தன்னார்வலர் நின்று "நீ சியோனிஸ்டா?" என்று கேட்டு ஆள் பார்த்து விட ஆரம்பித்தால், அந்த வரியே வேலைத்திட்டம் ஆகிவிடுகிறது. கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகப் போராட்ட முகாமில் 2024 வசந்தத்தில் நடந்ததாக யூத மாணவர்கள் முறையிட்டது இதைத்தான். இஸ்ரேல் மீதான பற்று எங்கள் சமய நம்பிக்கையின் பகுதி, அதைத் துறந்தால்தான் என் வகுப்புக்குப் போகும் வழி திறக்கும் என்றால் அது மதத்தைப் பார்த்து விலக்குவதுதான் என்று வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் நீதிபதி மார்க் ஸ்கார்சி அவர்கள் பக்கம் இடைக்காலத் தடை ஆணை கொடுத்தார். தடுத்தது மாணவர்கள்தான், நாங்கள் இல்லை என்ற நிர்வாகத்தின் வாதம் எடுபடவில்லை. அதே முகாமை ஏப்ரல் 30 இரவு எதிர்த்தரப்புக் கும்பல் ஒன்று தடிகளும் பட்டாசும் கொண்டு மணிக்கணக்கில் தாக்கியது என்பதையும், காவல்துறை தாமதமாகவே தலையிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதுகாப்பதில் நிர்வாகம் இரு தரப்பையும் கைவிட்ட வளாகம் அது.

மூன்றாவது கணக்கு சுருக்கமானது. இரவு தங்குதல், கூடாரம், ஒலிபெருக்கி, கட்டட வாசலை மறித்தல் இவற்றுக்கான விதி எல்லாத் தரப்புக்கும் ஒரே மாதிரி இருந்தால் அது செல்லும். மாணவர்கள் கூட்டமாகக் கைதானது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2024 ஏப்ரல் 18 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காக. ஏப்ரல் 30 அதிகாலையில் போராட்டக்காரர்கள் அங்கே ஹாமில்டன் ஹால் கட்டடத்தைக் கைப்பற்றிய பிறகு நிலைமை முற்றிலும் வேறாகிவிட்டது.

---

வேம்பு எழுதியது:

கொள்ளிடம் சட்டத்தைச் சரியாகப் பிரித்திருக்கிறார். ஆனால் சட்டம் விட்டுவிடும் எல்லாவற்றையும் ஒரு மாணவர் சங்கம் தன் பெயரில் சொல்லலாம் என்று ஆகாது. 2023 டிசம்பர் 5 நாடாளுமன்ற விசாரணையை நினைத்துப் பாருங்கள். யூத இனப்படுகொலைக்கு அழைப்பு விடுத்தால் அது உங்கள் நடத்தை விதிக்கு எதிரானதா என்ற கேள்விக்கு ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்கள் மூவரும் "சூழலைப் பொறுத்தது" என்ற ரீதியில் பதில் சொன்னார்கள். வழக்கறிஞர் கண்ணில் அது பிழையில்லாத பதில். பயந்துபோயிருந்த மாணவர் காதில் அது கதவடைப்பு. பென்சில்வேனியாத் தலைவர் நான்கு நாளில் பதவி விலகினார்.

உங்கள் வரைவுக்கு வருகிறேன்.

போர்நிறுத்தம், நிவாரணம், முதலீட்டு விலக்கல்: இவற்றில் யூத வெறுப்பு எதுவும் இல்லை. இஸ்ரேல் அரசை, அதன் ராணுவத்தை, குடியேற்றங்களைக் கடுமையாக எதிர்ப்பதிலும் இல்லை. யூத வெறுப்புக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஐ.எச்.ஆர்.ஏ. (சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டணி) வரையறையே (2016), வேறெந்த நாட்டையும் விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்று சொல்கிறது. சிக்கல் அதன் பதினொரு எடுத்துக்காட்டுகளில். ஏழு இஸ்ரேல் சம்பந்தப்பட்டவை, அவற்றில் சில எவ்வளவு தூரம் நீளும் என்பதில் பெரிய சண்டை. வரைவாளர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்னே, தரவு சேகரிக்க எழுதியதை வளாகப் பேச்சுக்கான தண்டனை விதியாக்கக் கூடாது என்று வாதிடுகிறார். அதற்கு மாற்றாக 2021இல் அறிஞர்கள் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனம், முதலீட்டு விலக்கலும் புறக்கணிப்பும் தம்மளவில் யூத வெறுப்பு ஆகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. செயற்குழு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். இரண்டும் சேர்த்தே சில பக்கங்கள்தான்.

இரண்டு ஆவணங்களும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. இஸ்ரேல் செய்வதற்கு யூதர்கள் என்பதாலேயே யூதர்களைப் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு. உங்கள் வரைவு தடுக்கி விழுவது அங்கேதான். ஹில்லெலில் மாணவர்கள் வெள்ளிக்கிழமை மாலை சபாத் உணவுக்குக் கூடுகிறார்கள், யூத விதிப்படி சமைத்த கோஷர் சாப்பாடு வாங்குகிறார்கள், பாஸ்கா பண்டிகை கொண்டாடுகிறார்கள். இஸ்ரேலை ஆதரிப்பது ஹில்லெல் தலைமையின் நிலைப்பாடு என்பது உண்மை. அதன் ஒரு குறிப்பிட்ட திட்டத்தை, உதாரணமாக இஸ்ரேல் பயணத்தை, எதிர்க்கலாம். எல்லா உறவையும் முறி என்றால் அந்தச் சாப்பாட்டு மேசையும் போகிறது. இஸ்ரேலைக் கண்டிக்கிற யூத மாணவருக்கும் அங்கேதான் சாப்பாடு.

"சியோனிஸ்டு" என்ற சொல்லையும் யோசியுங்கள். பாலஸ்தீனருக்கு அது தன் பாட்டியை 1948இல் வீட்டைவிட்டு விரட்டிய சித்தாந்தத்தின் பெயர். அந்தக் கோபத்தை யாரும் தணிக்கை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பல யூதர்களுக்கோ அது தங்கள் மக்களுக்கென்று பாதுகாப்பான ஓரிடம் வேண்டும் என்பதற்கு மேல் பொருள் இல்லாத சொல். அவர்களிலேயே நெதன்யாகு அரசை வெறுப்பவர்கள் ஏராளம். சியோனிசத்தை எதிர்க்கிறோம் என்று எழுதினால் அது ஒரு கருத்தோடு மோதுகிறது. சியோனிஸ்டுக்கு இடமில்லை என்று எழுதினால் பக்கத்து அறை மாணவியோடு மோதுகிறது.

இது கற்பனையான பயமில்லை. கொலம்பியாவின் யூத வெறுப்புப் பணிக்குழு 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு மாணவியின் வாக்குமூலம் இருக்கிறது. விடுதி அறை நிலைப்படியில் மெசூசா பொருத்தியிருந்தார். திருமறை வரிகள் எழுதிய தோல்சுருள் வைத்த சின்னக் குழல் அது, யூத வீடுகளில் வாசற்காலில் சாய்வாக அடித்திருப்பார்கள். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு இரவில் நேரம் காலம் இல்லாமல் கதவைத் தட்டி, இஸ்ரேல் செய்வதற்கு விளக்கம் சொல் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார். நிலைப்படியில் இருந்த குழலைத் தவிர அவரைப் பற்றித் தட்டியவர்களுக்கு என்ன தெரியும்?

மறுபக்கமும் அதே கனம். 2023 நவம்பரில் வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் பாலஸ்தீன வம்சாவளி மாணவர் மூவர் தெருவில் நடந்துபோகையில் சுடப்பட்டார்கள். ஒருவர் மார்புக்குக் கீழே செயலிழந்தார். இருவர் கஃபியா என்ற பாலஸ்தீனக் கழுத்துத் துணியை அணிந்திருந்தார்கள். ஹார்வர்ட் 2025 ஏப்ரலில் இரண்டு அறிக்கைகளை ஒரே நாளில் வெளியிட்டது: ஒன்று யூத, இஸ்ரேலிய மாணவர் மீதான வெறுப்பு பற்றி, இன்னொன்று முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர் மீதான வெறுப்பு பற்றி. ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறவர்களிடம் இன்னொன்றைக் கொடுங்கள்.

---

பொருநை எழுதியது:

விசா பற்றி மட்டும் எழுதுகிறேன். கையெழுத்துக்கு முன் ஐந்து பேரும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் விசாவும் நிலையும் வெவ்வேறு. விசா என்பது நாட்டுக்குள் நுழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாள். நிலை என்பது செவிஸ் எனும் அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சான்று வழியாக உங்கள் பதிவு உயிரோடு இருப்பது. விசா ரத்தானாலே நிலை முடிந்துவிடாது, ஆனால் வெளியே போனால் திரும்பி வர முடியாது. கைது ஒன்றே போதும், தண்டனை வேண்டியதில்லை, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். வழக்கு தள்ளுபடியானாலும் அடுத்த டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் கைதைப் பற்றிய கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது கைதில்கூட இல்லை, இடைநீக்கத்தில். எஃப்-1 மாணவர் முழுநேரம் படித்தாக வேண்டும். இளநிலையில் பருவத்துக்கு 12 கிரெடிட். இடைக்கால நீக்கம் என்று ஒரு மின்னஞ்சல் வந்து பதிவு துண்டிக்கப்பட்டால், சர்வதேச மாணவர் அலுவலகம் அதைச் செவிஸில் பதிந்தே ஆகவேண்டும். அலுவலகத்தின் ஒப்புதலோடு படிப்பிலிருந்து விலகினால் நாட்டை விட்டுப் போக 15 நாள் உண்டு. நிலை தவறிப் பதிவு முடிக்கப்பட்டால் ஒரு நாள்கூட இல்லை. அமெரிக்க மாணவருக்கு ஒரு பருவம் வீணாகிற அதே தண்டனை உங்களுக்கு விமான டிக்கெட். கூடாரத்தில் இரவு தங்குவதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அனுமதி பெற்ற பகல் பேரணியில் நிற்பது வேறு கணக்கு.

சரி, வெறும் கையெழுத்து? 2025க்கு முன்னால் கேட்டிருந்தால், ஆபத்து இல்லை என்று சொல்லியிருப்பார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ருமெய்சா ஒஸ்துர்க் 2024 மார்ச்சில் மாணவர் நாளிதழில் மூவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மாணவர் பேரவைத் தீர்மானங்களை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 2025 மார்ச் 25 அன்று முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் பிடித்து லூசியானா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வாரம் கழித்து நீதிமன்ற ஆணையில் வெளியே வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகப் போராட்டத்தில் முன்னணியில் இருந்த மஹ்மூத் கலீலிடம் நிரந்தர வசிப்புரிமை அட்டையே (கிரீன் கார்டு) இருந்தது; 2025 மார்ச் 8 முதல் ஜூன் 20 வரை தடுப்புக்காவலில் இருந்தார். 2025 செப்டம்பர் 30 அன்று பாஸ்டன் நீதிபதி வில்லியம் யங், சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்குரிய அதே பேச்சுரிமை உண்டு, இந்தக் கைதுகள் அதை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தார். உரிமை இருக்கிறது. அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் வரை எங்கே இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. யூத வெறுப்பை ஒழிக்கிறோம் என்ற பெயரில் ஒரு கட்டுரைக்காக ஆளைத் தூக்குவதை அமெரிக்க யூத அமைப்புகளே பல கண்டித்திருக்கின்றன.

எனவே: எந்த விசா மாணவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, போடாதவரைக் கோழை என்று சொல்லவும் கூடாது. சங்கப் பெயரில் போட்டால் இணையதளத்தில் உள்ள செயற்குழுப் பெயர்களும் படங்களும் அதோடு சேர்ந்தே போகும். 2023 அக்டோபர் தாக்குதல் நடந்த சில மணி நேரத்திலேயே, முழுப் பொறுப்பும் இஸ்ரேலுக்கே என்ற ஹார்வர்ட் கூட்டறிக்கையில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர் குழுக்கள் பெயர் கொடுத்தன. சில நாளில் மாணவர் முகங்களையும் பெயர்களையும் திரையில் ஓட்டியபடி ஒரு லாரி வளாகத்தைச் சுற்றியது. தெற்காசிய மாணவர் குழுக்கள் உட்படச் சில கையெழுத்தைத் திரும்பப் பெற்றன. அதற்குள், அறிக்கையைப் படித்தே பார்க்காத உறுப்பினர் முகங்களும் ஊர் முழுக்கப் போய்விட்டன.

2025 ஜூன் முதல் எஃப், எம், ஜே விசா விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும். புதுப்பிக்க ஊருக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைக்கவும். பழைய பதிவுகளை அவசரமாக அழிப்பதும் கணக்கை மறைப்பதும் இன்னும் மோசம். டிஎஸ்-160இல் ஐந்து ஆண்டுக் கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள், பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

---

சிறுவாணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சங்கப் பெயரில் கையெழுத்து வேண்டாம், தனிப்பட்ட முறையில் விரும்புகிறவர் போடலாம், கடைசி இரண்டு வரிகளை நீக்கினால் அனுமதி பெற்ற ஒருநாள் நிகழ்ச்சிக்கு மட்டும் இணைவோம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் இரண்டு கேள்வி. நிகழ்ச்சிக்கு யாராவது மோசமான பதாகையோடு வந்தால் என்ன செய்வது? முதலீட்டுக் கோரிக்கையை எப்படி உருப்படியாக்குவது?

---

கொள்ளிடம் எழுதியது:

பதாகை: ஐம்பது பேருக்கு இருவர் வீதம் ஒழுங்குபடுத்துவோரை முன்கூட்டியே நியமியுங்கள். அடையாளத்துக்கு ஒரே நிறக் கைப்பட்டை. ஹமாஸைப் போற்றும், யூதர்களைச் சாடும் பதாகையைக் கண்டால் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் கைகலப்பு, காணொளியில் அதுதான் ஓடும். பக்கத்தில் போய் நின்று, "இது எங்கள் நிகழ்ச்சியின் நிலைப்பாடு இல்லை" என்ற அட்டையை உயர்த்துங்கள். ஒலிபெருக்கியில் இருப்பவர் அதே நிமிடம் சொல்ல வேண்டும். மறுநாள் அறிக்கை விடுவதால் பயனில்லை. நடைபாதையை ஆறடி அகலத்துக்குக் காலியாக வைத்து, யார் எந்தப் பக்கம் போனாலும் எதுவும் கேட்காமல் விடுங்கள். எதிர்த்தரப்பு வந்தால் இடையே இருபது அடியாவது வேண்டும் என்று நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போதே எழுதிக்கொடுங்கள்.

யாராவது துன்புறுத்தப்பட்டால், அவர் யூதரானாலும் பாலஸ்தீனரானாலும், அன்றே எழுதி வைக்கட்டும்: தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, பார்த்தவர் பெயர், அதனால் எந்த வகுப்பு அல்லது இடம் தவறியது. கடைசி விவரத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். "மனம் புண்பட்டது" என்பதோடு நின்றால் புகார் அங்கேயே நின்றுவிடும். முதலில் வளாகத்தின் சமவாய்ப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போகட்டும். வாய்மொழியாகச் சொன்னால் நிர்வாகத்துக்குத் தெரியும் என்று நிரூபிக்கச் சான்று இராது. கல்வித் துறைக் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குச் சம்பவம் நடந்து 180 நாளுக்குள் புகார் போக வேண்டும். வளாக விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால், அது முடிந்து 60 நாளுக்குள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, பாதிக்கப்பட்டவரே போட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் 2025 மார்ச்சில் அந்த அலுவலகத்தின் பன்னிரண்டு வட்டார அலுவலகங்களில் ஏழினை மூடிவிட்டார்கள். விரைவில் பதில் வரும் என்று இருக்க வேண்டாம்.

---

வேம்பு எழுதியது:

முதலீடு பற்றி. "எல்லாவற்றையும் விலக்கு" என்ற கோரிக்கை முதல் கூட்டத்திலேயே செத்துவிடும். பல்கலைக்கழக நிதியின் பெரும்பகுதி வெளி மேலாளர்களின் கலப்பு நிதிகளில் கிடக்கிறது. எந்த நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்று நிர்வாகத்துக்கே உடனே சொல்ல வராது. பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் 2024 ஏப்ரல் 30 அன்று கூடாரங்களைப் பிரித்து, பதிலுக்கு அறங்காவலர் வாக்கெடுப்பைப் பெற்றார்கள். கோரிக்கையில் பத்து நிறுவனங்களின் பெயர் இருந்தது. அக்டோபரில் வாக்கெடுப்பு தோற்றது. அந்தப் பத்திலும் நேரடி முதலீடே இல்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. பெயர்ப் பட்டியலுக்கு முன் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அங்கிருந்து எடுக்க வேண்டியது.

உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம், அதனால் மாநிலப் பொது ஆவணச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். நேரடிப் பங்குகள், மேலாளர் பெயர்கள், கடந்த நான்கு காலாண்டுகள் என்று குறிப்பாகக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். நிதி தனி அறக்கட்டளை பெயரில் இருந்தால் அந்தச் சட்டம் எட்டாமல் போகலாம், அதை முதலில் பாருங்கள். இன்னொன்று: முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இஸ்ரேல் புறக்கணிப்புக்கு எதிரான சட்டம் உண்டு. உங்கள் மாநிலத்தில் இருந்தால், நாட்டின் பெயர் சொல்லாமல், மனித உரிமை மீறலில் பயன்படும் ஆயுதங்களைத் தயாரிக்கும் எந்த நிறுவனமும் என்று அளவுகோலாக எழுதுவதுதான் நிற்கும். பொறுமையும் வேண்டும்: தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புக் காலத்தில் 1977இல் ஹாம்ப்ஷயர் கல்லூரி அந்நாடு சார்ந்த முதலீட்டை விலக்கிக்கொண்டது. கொலம்பியா 1985 வரை இழுத்தது.

மூன்றாவது வரிக்குப் பதிலாக இதை வைத்துக் கேட்டுப் பாருங்கள்: "பாலஸ்தீனரின் சமஉரிமைக்காகவும் காசா மக்களின் உயிருக்காகவும் பேசுகிறோம். இந்த வளாகத்தில் எந்த மாணவரும் தன் மதம், இனம், பூர்வீகம், நாட்டுப்பற்று காரணமாக விலக்கப்படுவதை ஏற்கமாட்டோம்." நான்காவது வரியை அப்படியே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள். பதில் போடாமல் விட்டால், சங்கத்தின் பெயர் பட்டியலில் ஏறிவிட வாய்ப்பு உண்டு.